காருக்கு ஒரு திரை

பலாபத்வலயில் ஏ-9 வீதியோரம் பத்து நிமிடம் நின்றால் போதும், இந்த நாட்டில் யார் தன்னை மறைத்துக்கொண்டு பயணம் செய்கிறார், யார் திறந்துவைத்துக்கொண்டு போகிறார் என்பது விளங்கிவிடும். தம்புள்ளைப் பக்கமிருந்து மரக்கறி லொறிகள் வரும். கண்ணாடி முழுக்க இறக்கி, ஓட்டுநரின் முழங்கை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பஸ்களில் முகங்கள் வரிசையாகத் தெரியும். வாசனைத் திரவியத் தோட்டங்களுக்கு வெள்ளைக்காரர்களை ஏற்றிவரும் வான்களோ கறுத்துப் போயிருக்கும். உள்ளே ஆள் இருப்பதற்கு அடையாளமாக ஒரு கைத்தொலைபேசியின் வெளிச்சம் மட்டும் அசையும். அப்புறம் எப்போதாவது ஹோர்ன் அடித்துக்கொண்டு பறந்து போகும் பெரிய மனிதர்களின் வாகனங்கள். அவற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 'இன்டர்கூலர்' என்ற ஓர் இயந்திரப் பாகத்தின் பெயரே ஒரு காலத்தில் எங்கள் ஊர்களில் அதிகாரத்தின் பெயராக மாறியிருந்தது. அந்தச் சொல்லைக் கேட்டால் எங்கள் கண்ணுக்கு வருவது கறுப்புக் கண்ணாடிதான்.

இந்த வீதியில் என்னுடைய பழைய சின்னக் காரும் ஓடுகிறது. அதன் கண்ணாடிக்கு 'டின்ட்' ஒட்டுவதா, வேண்டாமா? சென்ற ரமழானுக்குப் பிறகு எங்கள் வீட்டில் ஆரம்பித்த இந்தப் பேச்சு நான்கு மாதம் நீடித்தது. ஒரு பிளாஸ்டிக் தாளுக்காக நான்கு மாதமா என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் வீட்டில் அது தாள் பற்றிய பேச்சாக இருக்கவில்லை.

என் மனைவிக்கு லூபஸ் என்று கண்டுபிடித்து இரண்டு வருடமாகிறது. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் நோய் அது. வெயில் அதற்குப் பெரிய எதிரி. கன்னங்களில் வண்ணத்துப்பூச்சி இறக்கை விரித்தாற்போல் ஒரு சிவப்பு ஏறும், அதன் பின்னால் மூட்டுவலியும் களைப்பும் வரும். மாதம் ஒருமுறை கண்டியில் கிளினிக். பலாபத்வலயிலிருந்து மாத்தளை, அக்குறணை, கட்டுகஸ்தோட்டை என்று முப்பது கிலோமீற்றருக்குச் சற்று அதிகமான பாதை. காலையில் தெற்கு நோக்கிப் போகிறோம். இடப்பக்கம் கிழக்கு. பிற்பகலில் வடக்கு நோக்கித் திரும்புகிறோம். இடப்பக்கம் மேற்கு. எங்கள் நாட்டுக் காரில் ஓட்டுபவர் வலப்பக்கம், கூட வருபவர் இடப்பக்கம். ஆக, போகும்போதும் வரும்போதும் சூரியன் அவளுடைய பக்கத்துக் கண்ணாடியில்தான் வந்து உட்கார்ந்துகொள்ளும். வெயில் படாமல் இருக்க வைத்தியரிடம் போகிற பயணத்திலேயே அவள் இரண்டு தடவை வெயில் குளிக்க வேண்டியிருந்தது.

அவள் ஒரு ஷோலைக் கண்ணாடி இடுக்கில் செருகிக்கொள்வாள். அது காற்றுக்கு அவிழ்ந்து விழும். எனக்கு இடப்பக்கக் கண்ணாடியும் மறையும், பின்னால் வருவது தெரியாது. அக்குறணை நெரிசலில் இடப்பக்கமாக நுழைந்து வரும் மோட்டார் சைக்கிள்களை அறிந்தவர்களுக்கு அதன் ஆபத்து தெரியும்.

"டின்ட் அடிச்சா முடிஞ்சி போற வேல" என்றான் துபாயிலிருந்து மச்சான். அங்கே 2017 முதல் கண்ணாடியை ஐம்பது வீதம் வரை கறுப்பாக்கலாம், அதற்கு முன் முப்பது வீதம்தான். பாலைவன வெயிலில் அது ஆடம்பரமில்லை, அத்தியாவசியம் என்பது அவன் வாதம். மகனுக்கு அது ஸ்டைல். அவன் பார்த்து வைத்திருந்ததெல்லாம் முன்கண்ணாடி தவிர எல்லாம் தார் பூசியது போன்ற கார்கள்.

என் உம்மாவுக்கோ இது பழைய கதையின் தொடர்ச்சி. அவர் சிறுமியாக இருந்தபோது எங்கள் பெண்கள் ஹயர் காரில் போவதென்றால் முதலில் கட்டப்படுவது திரை. கல்யாண வீட்டுக்கோ மையத்து வீட்டுக்கோ போக ஒரு மொரிஸ் மைனர் வரும். உம்மம்மா அலுமாரியிலிருந்து வெள்ளைப் புடவையை எடுத்துக் கொடுப்பார், ஆண்கள் யாராவது அதைக் கண்ணாடிகளில் செருகி இழுத்துக் கட்டுவார்கள். பிறகு பெண்களும் பிள்ளைகளும் ஏழெட்டுப் பேர் ஏறிக்கொள்வார்கள். அதற்கும் முந்திய தலைமுறையில் மாட்டுவண்டிக் கூண்டுக்கு இதே திரை. "கண்டிக்கிப் பெய்த்து வந்தோம் எண்டு சொல்லுவோம். கண்டிய ஆரு கண்ட? புடவைக்கிப் பின்னால ஈந்து சத்தத்தத் தான் கேட்ட" என்பார் உம்மா. இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தமும் இராது, பெருமையும் இராது. ஒரேயொரு தடவை மட்டும், புடவையின் ஓரத்தைச் சின்ன விரலால் விலக்கி, கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கீழே மகாவலி ஓடுவதைப் பார்த்ததாகச் சொன்னார். யானை குளித்துக்கொண்டிருந்ததாம். அந்த யானையை அவர் எழுபது வயதிலும் மறக்கவில்லை.

ஆகவே டின்ட் என்றதும் உம்மா மகிழ்ந்தார். திரைக்குப் பதில் திரை. ஒரு வித்தியாசம், இதில் உள்ளே இருப்பவர் வெளியைப் பார்க்கலாம். "எங்கட காலத்தில இது ஈந்தீந்தா" என்று அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

நான் விஞ்ஞானம் படிப்பிப்பவன். ஆசிரியர் கலாசாலையில் அரியத்தில் வெள்ளொளியை உடைத்துக் காட்டப் பழகியவன். எனக்கு முதலில் தெரிய வேண்டியிருந்தது, அவளைச் சுடுவது எது என்பது. சூரியனிலிருந்து வரும் சக்தியில் ஏறக்குறையப் பாதி கண்ணுக்குத் தெரியாத செங்கீழ்க் கதிர். அதுதான் தோலில் சூடாக விழுவதில் பெரும் பங்கு. நாம் காண்கிற ஒளி இன்னொரு பெரும்பகுதி. மிகச் சிறிய ஒரு பங்குதான் கழியூதாக் கதிர், தமிழ்நாட்டார் புறஊதா என்பது. லூபஸ்காரருக்குப் பகை அந்தச் சிறிய பங்கு. கறுப்பு என்பது நடுவிலுள்ள காணும் ஒளியைக் குறைப்பது. இரண்டு ஓரங்களிலும் உள்ளதை அது குறைத்தே தீரும் என்று கட்டாயமில்லை.

கார்க் கண்ணாடிகள் எல்லாம் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். முன்கண்ணாடி இரண்டு தகடுகளுக்கிடையே ஒரு பிளாஸ்டிக் படலத்தை வைத்து ஒட்டியது. உடைந்தாலும் சிதறாது. அந்தப் படலமே கழியூதாவைப் பெருமளவு விழுங்கிவிடும். பக்கக் கண்ணாடிகள் பொதுவாக வெப்பமூட்டி இறுக்கிய ஒற்றைத் தகடுகள். கழியூதா-பி என்ற வகையை அவை மறிக்கும், கழியூதா-ஏ வகையில் ஒரு பங்கை உள்ளே விட்டுவிடும். அமெரிக்காவில் 29 கார்களை அளந்து 2016இல் ஒரு கண் வைத்தியர் வெளியிட்ட ஆய்வில் முன்கண்ணாடிகள் சராசரியாக 96 வீதம் கழியூதா-ஏயை மறித்தன, பக்கக் கண்ணாடிகள் 71 வீதம். ஒரு காரில் 44 வீதம்தான். அதே நாட்டில் 28 வருடம் லொறி ஓட்டிய 69 வயது மனிதர் ஒருவரின் படம் 2012இல் ஒரு மருத்துவச் சஞ்சிகையில் வந்தது. அங்கே ஓட்டுபவர் இடப்பக்கம். அவருடைய முகத்தின் வலப்பாதி ஒரு வயது, இடப்பாதி இன்னொரு வயது. கண்ணாடிக்குள் உட்கார்ந்தபடியே ஒரு மனிதனின் பாதி முகம் கிழடாகிப் போயிருந்தது. அந்தப் படத்தை என் மனைவிக்குக் காட்டவில்லை.

மாத்தளையில் வாகன அலங்காரக் கடை ஒன்றில் என்னிடம் படித்த பையன் வேலை செய்கிறான். பாடத்தில் சுமார், கையில் கெட்டிக்காரன். "சேர், இருபது போடுவமா, முப்பத்தஞ்சு போடுவமா?" என்று கேட்டான். இருபது என்றால் இருபது வீதம் கறுப்பு என்று நினைத்து வாங்கிப் போகிறவர்கள் உண்டாம். அது உள்ளே விடும் ஒளியின் வீதம், எண் சிறுத்தால் இருட்டு பெருக்கும். அதோடு கண்ணாடியே தன் பங்குக்கு ஒளியைக் குறைக்கிறது. முக்கால் பங்கு ஒளியை விடும் கண்ணாடியில் முப்பத்தைந்து வீதப் படலத்தை ஒட்டினால் மிஞ்சுவது முப்பத்தைந்து அல்ல, இருபத்தாறு. இருபதை ஒட்டினால் பதினைந்து. பத்தாம் வகுப்புப் பெருக்கல்தான். ஆனால் எங்கள் ஊர்க் கிளை வீதிகளில் இரவு எட்டு மணிக்கு வாகனத்தைத் திருப்பிப் பார்த்தவர்களுக்கு அந்தப் பதினைந்து என்னவென்று புரியும். வேலியோரம் டோர்ச் இல்லாமல் இஷாத் தொழுகைக்கு நடந்துவரும் கிழவரை அந்தக் கண்ணாடி வழியாகக் காண முடியாது.

பையன் ஒரு சிவப்பு வெப்ப விளக்கை எரித்து, படலம் ஒட்டிய கண்ணாடித் துண்டுகளை அதற்கு முன் பிடித்தான். மறுபுறம் என் கை. மலிவான சாயப் படலம், நன்றாகக் கறுத்தது. கை சுட்டது, சிறிது நேரத்தில் கண்ணாடித் துண்டே சூடேறிவிட்டது. அடுத்தது செரமிக் என்றான். ஏறக்குறைய வெறும் கண்ணாடி போல இருந்தது, அந்தப் பக்கமிருந்த அவனுடைய பல் தெரிந்தது. கை சுடவில்லை. "பாத்தீங்களா சேர்?" என்றான். பார்த்தேன். ஆனால் அந்த விளக்கு கக்குவது பெரும்பாலும் செங்கீழ்க் கதிர். சூரியன் அப்படியல்ல. விளக்குக்கு முன் காட்டிய வித்தையில் ஒரு பகுதிதான் வெயிலில் கிடைக்கும் என்று அவனுக்குச் சொன்னேன். "கஸ்டமருக்கு முன்னால சொல்லிடாதீங்க" என்று சிரித்தான். மொத்தச் சூரிய சக்தியில் எவ்வளவைத் தடுக்கிறது என்று ஒரு தனி எண் பெட்டியில் இருக்கும். வாங்குகிறவர் பார்க்க வேண்டியது அதைத்தான். எனக்கு வேண்டிய மற்ற எண்ணும் இருந்தது. கழியூதா, 99 வீதம் தடை. நிறமற்ற படலத்திலும் அதுவே, கறுப்பிலும் அதுவே.

ஆக, விஞ்ஞானத்தைக் கேட்டால் கறுப்புத் தேவையில்லை. வெயிலைத் தடுக்க வேண்டுமென்றால் வெயிலைத் தடுக்கும் படலம் இருக்கிறது. அதற்கு மேல் கறுப்பு வேண்டுமென்றால் அது வெயிலுக்காக அல்ல, மனிதருக்காக.

மனிதரிடமிருந்து மறைவதற்கு இந்த நாட்டில் ஒரு வரலாறு உண்டு. 2006க்கும் 2009க்கும் இடைப்பட்ட வருடங்களில் 'வெள்ளை வான்' என்ற இரண்டு சொற்கள் மூன்று மொழிகளிலும் ஒரே அச்சத்தைத் தந்தன. வானின் நிறம் வெள்ளை என்றாலும் ஆட்களை நடுங்க வைத்தது அதன் கறுப்புக் கண்ணாடி. இலக்கத் தகடு இருக்காது, உள்ளே யார் என்று தெரியாது, ஏற்றப்பட்டவர் பலர் திரும்பி வரவில்லை. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் எத்தனை தாய்மார் இன்னும் புகைப்படம் ஏந்தி நிற்கிறார்கள். அந்தக் கண்ணாடிக்கு வெளியே நின்றவர்கள் அவர்கள்.

பிறகு எங்கள் முறை. 2018 மார்ச்சில் திகனை எரிந்தது. எங்களுக்கு அது தூரத்துச் செய்தி அல்ல, கண்டிக்கு அந்தப் பக்கம். அடுத்த வருடம் ஏப்ரல் 21. தேவாலயங்களில் செத்த அப்பாவிகளுக்காக அழுதபோதே எங்களையும் சந்தேகத்தோடு பார்க்கும் கண்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. வீதியோரம் நிறுத்தும் வாகனத்தில் உரியவரின் தொலைபேசி இலக்கம் தெரிய வேண்டும் என்றார்கள். ஏப்ரல் 29இல் முகத்தை மறைக்கும் ஆடைக்குத் தடை வந்தது. அவசரகாலச் சட்டம் அந்த ஓகஸ்ட்டில் முடிந்ததோடு அந்தத் தடையும் போனது, பார்வை போகச் சில காலம் பிடித்தது. அந்த மாதங்களில் நான் காவலரணுக்கு நூறு யார் முன்பே நாலு கண்ணாடியையும் இறக்கிவிடுவேன், இரவென்றால் உள்ளே விளக்கையும் போடுவேன். யாரும் சொல்லித் தரவில்லை, கை தானாகவே போனது. என் காரில் ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை என்பதை ஒளியைக் கொண்டு சொல்ல வேண்டியிருந்தது. அப்படிப் பழகிய கையோடு நான் கறுப்புத் தாளைத் தொடத் தயங்கினால் அதைப் பயம் என்று மட்டும் சொல்ல முடியாது. பலாபத்வலயில் சிங்களவரும் முஸ்லிம்களும் ஒரே கடையில் பாண் வாங்குகிறோம். காரில் போகும்போது தலையசைத்தால் தலையசைப்பார்கள். அந்தத் தலையசைப்பு பெறுமதியானது. கறுப்புக் கண்ணாடிக்கு யாரும் தலையசைப்பதில்லை.

இந்தியாவில் இந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 2012 ஏப்ரல் 27இல், எந்த அளவிலும் கறுப்புப் படலம் ஒட்டக் கூடாது என்று தீர்ப்பு வந்தது. தொழிற்சாலையில் செய்த கண்ணாடியே முன்னும் பின்னும் 70 வீதம், பக்கங்களில் 50 வீதம் ஒளியை விட வேண்டும். மிக உயர்ந்த பாதுகாப்பு வழங்கப்பட்டவர்களுக்கு மட்டும் விலக்கு. அதாவது அங்கேயும் பெரிய மனிதருக்கு இருட்டு ஹலால்தான். அதே வருடம் டிசம்பர் 16இரவு டெல்லியில் ஒரு பஸ் ஓடியது. கறுத்த கண்ணாடி, உள்ளே திரைச்சீலை. அதற்குள் ஒரு மாணவிக்கு நடந்ததை உலகம் அறியும். சட்டம் இருந்தும் அந்தக் கண்ணாடி வீதியில் ஓடியது. விதிகள் பின்னர் திருத்தப்பட்டன. 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், அந்த 70, 50 அளவுக்கு உட்பட்ட படலமென்றால் ஒட்டலாம் என்று சொன்னது. இதுதான் நியாயமான இடம் என்று எனக்குப் படுகிறது. ஆனால் அந்த டெல்லி பஸ் என் மனதை விட்டுப் போகவில்லை. உம்மம்மா கட்டிய வெள்ளைப் புடவை பெண்ணைக் காப்பதற்கென்று கட்டியது. டெல்லியில் அதே திரைதான் பெண்ணை யாரும் காணாமல் செய்தது. திரைக்கு நல்லது கெட்டது தெரியாது, அதன் கயிறு யார் கையில் என்பதே கேள்வி. இதை உம்மாவிடம் சொன்னபோது அவர் நெடுநேரம் வெற்றிலையை மென்றுகொண்டிருந்துவிட்டு, "அது செரி. ஆனா அவள்ட்ட கேட்டீங்களா?" என்றார்.

அன்றிரவு பிள்ளைகள் படுத்த பிறகு, எண்களையெல்லாம் எழுதிய கடதாசியோடு மனைவியிடம் உட்கார்ந்தேன். நிறமில்லாத படலம் போதும், வெயில் வராது என்றேன். அவள் கடதாசியைப் பார்க்கவில்லை.

"வெயிலுக்கு ஷோல் போதும். எனக்குக் கறுப்புத் தான் வேணும்."

"ஏன்?"

"மொகத்தப் பாருங்க."

குளிசையால் அவள் முகம் வீங்கிப் போயிருந்தது. ஸ்டீரோய்ட் எடுப்பவர்களுக்கு முகம் நிலாப்போல உருண்டுவிடும், மருந்து குறையும்போது மெதுவாக வடியும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். "மாத்தளை டவுனுக்குள்ள கார் நிக்கக்கொள்ள ஆராச்சும் எட்டிப் பாக்கிறாங்க. என்ன வந்தீக்கி, இப்பிடி வீங்கீக்கி எண்டு கேக்கிறாங்க. ஒவ்வொருத்தருக்கும் வருத்தத்தின்ட பேரச் சொல்லிச் சொல்லி எனக்கேலா." அவள் தையல் தைப்பவள். ஊரில் பாதிப் பெண்களின் அளவு அவள் கொப்பியில் இருக்கிறது. இரண்டு வருடமாக அவள் கடைத்தெருவுக்குப் போகவில்லை என்பதை நான் களைப்பின் கணக்கில் எழுதி வைத்திருந்தேன்.

இதற்கு எண் இல்லை. உம்மா கேட்டது மார்க்கத்துக்கு, மகன் கேட்டது அழகுக்கு, மச்சான் சொன்னது வெயிலுக்கு. அவள் கேட்டது தன் முகத்தைச் சில மாதம் தன்னிடமே வைத்துக்கொள்வதற்கு. அந்த உரிமை அவளுக்கு இல்லையென்று சொல்ல நான் யார்? முன் கண்ணாடிகள் இரண்டையும் கறுப்பாக்கினால் எனக்கு இரவில் ஓட்ட முடியாது, பொலிஸாரும் மறிப்பார்கள். பின்னால் இரண்டையும் நன்றாகக் கறுப்பாக்கலாம், நீ பின்னுக்கு உட்கார்ந்து வா, ஒருவரும் காணமாட்டார்கள் என்றேன். உண்மையாகவே அப்படிச் செய்யத் தயாராகத்தான் சொன்னேன்.

அவள் யோசித்தாள். அடுத்த நாள் காலை தேநீர் தரும்போது பதில் வந்தது. "ஓங்கள ஹயர் ட்ரைவர் மாதிரி முன்னுக்கு ஒக்கார வெச்சிட்டு, நான் பின்னுக்குத் தனியக் கண்டிக்கிப் போகவா? தேவல்ல. வெள்ளையவே ஒட்டுங்க."

ஒட்டினோம். நாலு பக்கக் கண்ணாடிக்கும் நிறமற்ற படலம், அதற்கே ஒரு மாதச் சம்பளத்தில் நல்ல பங்கு போயிற்று. உம்மா வந்து சுற்றிப் பார்த்தார், கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார். "இவ்வளவு காசக் குடுத்து, ஒண்ணுமே தெரியல்லயே" என்றார். மகன் காரின் பக்கமே வரவில்லை. வெயில் பூசுமருந்தையும் நீண்ட கையையும் விட வேண்டாம், படலம் அவற்றுக்குப் பதிலல்ல என்று வைத்தியர் சொன்னதை அவள் எனக்கு முன்பே ஞாபகம் வைத்திருந்தாள்.

சோப்புத் தண்ணீர் தெளித்து ஒட்டுவதால் காயும்வரை மூன்று நாள் கண்ணாடியை இறக்கக் கூடாது என்று பையன் சொல்லியிருந்தான். கிளினிக் இரண்டாம் நாளே வந்தது. மாத்தளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் வாகனங்கள் நின்றன. எங்கள் ஊர்ப் பெண்ணொருத்தி, இவளிடம் வழக்கமாகத் தைக்கக் கொடுப்பவள், காரைக் கண்டு குறுக்கே ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினாள். இவள் கை வழக்கம்போல இறக்கும் பொத்தானுக்குப் போய் நின்றது. என்னைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். வெளியே அந்தப் பெண் தன் கன்னங்களைத் தொட்டுக் காட்டி ஏதோ கேட்டாள். ஒரு சொல்லும் கேட்கவில்லை. இவள் கண்ணாடியைக் காட்டி, இறங்காது என்று கையை விரித்து, தன் கன்னங்களைக் காற்றூதி இன்னும் பெரிதாக்கிக் காட்டினாள். இருவரும் சிரித்தார்கள். பின்னால் ஒரு பஸ் ஹோர்ன் அடித்தது, நான் காரை எடுத்தேன்.

பின்னேரம் நாங்கள் வீடு திரும்பியபோது அந்தப் பெண் சட்டைத் துணியோடு வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள்.